சிவப்பு நூல் நாலா, ஐந்தா

12.11.2005, சனி

விடிந்ததிலிருந்து மழை. பஸ் முக்கால் மணி நேரம் லேட். குடையில் ஒரு கம்பி போச்சு. ஷீலாவுக்கு இருமல், மருந்து வாங்க வேண்டும்.

கு.பாளையத்தில் நான் வேலை பார்க்கும் கடை காலி. மழைக்குப் பயந்து வெள்ளைக்காரர்கள் யாரும் வரவில்லை, கெஸ்ட் ஹவுஸ்காரர்களும் வாங்கவில்லை. முதலாளி முகம் தொங்கிக் கிடந்தது. ஒதுக்கின சரக்கு இந்த வாரம் அதிகம் என்பதால் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். நல்ல வேலைக்காரி லட்சணம்!

எடுத்தது:
ரொட்டி 11 (நாளையோடு தேதி முடிகிறது)
கிரீம் பிஸ்கட் 16, டப்பா நசுங்கியது
ஓட்ஸ் 6
கோதுமை ரவை, பழுப்பு ரவை, என்னவோ பெயர் தெரியாத கறுப்பு மாவு. கிழிந்த பாக்கெட்டெல்லாம் கொட்டி ஒரு கிலோ கவராகக் கட்டினது
பால் பவுடர் 3
வெள்ளைக்காரர்கள் தின்னும் நூடுல்ஸ் மாதிரி ஒன்று. எங்கள் ஊர்க் காலனிச் செங்கேணி புழுவு என்பாள், ஆனால் தின்பாள்

ஆடியில்தான் முதலாளியிடம் வாய் விட்டுக் கேட்டேன். அதுவரை இதெல்லாம் கடைக்குப் பின்னால் குழியில் கொட்டி மண் தள்ளுவார்கள். "எடுத்துக்கோ. எங்க கடைதுன்னு ஒருத்தருக்கும் தெரியக்கூடாது. ஒரே ஒருத்தன் வாந்தி எடுத்தான்னு கேட்டேன், அன்னையோட நிறுத்திடுவேன்" என்றார். அன்றிலிருந்து சனிக்கிழமை தோறும் காலனிக்கு ஒரு மூட்டை.

வெள்ளை நூல் கட்டினால் ஆளுக்கு. சிவப்பு நூல் கட்டினால் மாட்டுக்கு. வண்டு விழுந்தது, கட்டி தட்டினது, கொஞ்சம் வாடை அடிப்பது எல்லாம் சிவப்பு. நானே போட்ட சட்டம், கடையில் எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன்.

சீட்டில் சிவப்பு 4 என்று எழுதியிருந்தேன். மூட்டை கட்டும்போது பார்த்தால் 5. எண்ணுவதில் நான் எப்போதும் கோட்டை விடுவேன். பஸ்ஸுக்கு நேரமாயிற்று, திரும்ப எண்ணவில்லை.

மரக்காணத்தில் இறங்கும்போது அடைமழை. காலனி வரைக்கும் நடக்க உடம்பில்லை. செங்கேணி பஸ் ஸ்டாப்புக்கே வந்து நின்றாள், தலையில் உரச்சாக்கைக் கொங்காணி போட்டுக்கொண்டு. மூட்டையை அவள் தலையில் ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். எப்போதும் கூடவே போய், எது எது என்று சொல்லிவிட்டு வருவேன். இன்று இல்லை. அவளுக்குத் தெரியாததா.

13.11.2005, ஞாயிறு

கோயில். சாமியார் பிரசங்கம் நீளம், கூரையில் மழைச் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. நல்லதாய்ப் போயிற்று.

வீட்டில் இரண்டு இடத்தில் ஒழுகல். ஒன்றுக்குக் குண்டான், ஒன்றுக்கு ஷீலாவின் சோற்றுத் தட்டு. கருவாடு வறுத்தேன்.

வீட்டுக்காரர் உப்பளத்துப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பாத்தி, வரப்பு எதுவும் தெரியவில்லையாம், எல்லாம் ஒரே ஏரி. மூடி வைத்த உப்புக் குவியலில் கீற்று பறந்து பாதி கரைந்து போச்சாம். இனி பொங்கல் கழித்துத்தான் வேலை. எங்களுக்கு என் கடைச் சம்பளம் இருக்கிறது. காலனியில் பதினாலு வீட்டுக்கும் அளம்தான் எல்லாமே. போன வருஷம் அலை வந்தபோது கடலோரம் அனுமந்தை வரைக்கும் லாரி லாரியாக அரிசி இறங்கியது. இவர்கள் வீட்டுக்குள் அலை வரவில்லை, அதனால் லாரியும் வரவில்லை. செங்கேணி அதை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

"ஏம்மே, ஊருக்கெல்லாம் சுமக்குற. நம்ம வூட்டுக்கு ஒரு பிஸ்கட்டு பாக்கெட்டாவது எடுத்தாரக் கூடாதா? கொழந்த கேக்குதில்ல?" என்றார் அவர்.

முடியாது என்றேன். ஒரு பிடி ரவை கூட நம் வீட்டுக்குள் வரக்கூடாது என்று முதல் நாளே முடிவு. வந்தால், தனக்காகத்தான் வாரிக்கொண்டு வருகிறாள் என்று நாலு பேர் பேசுவார்கள். ஷீலா மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைதான், மறைப்பானேன்.

14.11.2005, திங்கள்

குழந்தைகள் தினம். பள்ளிக்கூடம் மழை லீவு. சாக்லெட் போச்சே என்று ஷீலா அழுகை.

பதினொரு மணிக்குக் கடையில் ரா.மா. அண்ணன் (குடோனைப் பார்த்துக்கொள்ளும் ராஜமாணிக்கம்) வந்து கேட்டார்.

"ஏம்மா ரெஜினா, அலமாரித் தட்டுல ஒரு கவரு வெச்சிருந்தேனே, பாத்தியா?"

"எந்தக் கவரு?"

"ரவையில எலி மருந்து கலந்தம்மா வியாழக்கெழம. மூலைக்கு மூலை வெச்சது போக மிச்சம் ஒரு கிலோ இருக்கும். கட்டி வெச்சேன். காணோம்."

"எந்த நூல்ல கட்டினீங்க?"

"செவப்புலதான். நீதானம்மா சொன்ன, செவப்புன்னா மனுஷனுக்கு இல்லன்னு."

அப்புறம் அவர் பேசினது காதில் விழவில்லை. அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். ஐந்து. ஐந்துதான். நான் தப்பாக எண்ணவில்லை.

என்ன நிறம் என்று கேட்டேன். சாம்பல் நிறமாம். பூண்டு வாடை அடிக்குமாம். எவ்வளவு தின்றால் என்றேன். அவருக்கு அப்போதுதான் உறைத்தது. "எலிக்குத்தாம்மா தெரியும். சாயங்காலம் தின்னா காலையில செத்துக் கெடக்கும்."

மனுஷனுக்கு?

"ஒரு கைப்பிடி போதும்மா."

தலைவலி என்று சொல்லி லீவு கேட்டு ஓடி வந்தேன். பஸ்ஸில் ஜன்னல் ஓரம். மனசுக்குள் கணக்கு. சனி ராத்திரி, ஞாயிறு மூன்று வேளை, இன்று இரண்டு வேளை. யாராவது செத்திருந்தால் இதற்குள் வீட்டுக்காரருக்குத் தெரிந்திருக்கும். மரக்காணம் சின்ன ஊர். தெரிந்திருக்கும். தெரிந்திருக்கும் என்றே ஊர் வரைக்கும் சொல்லிக்கொண்டு வந்தேன்.

இனி எழுதுவதுதான் எனக்கு வெட்கம். எழுதிவிடுகிறேன்.

நான் அங்கே போய் உண்மையைச் சொல்லவில்லை. காலனி முனையில் நிற்கும்போது போலீஸ், ஜெயில், முதலாளி, ஷீலா எல்லாம் ஒன்றாய் வந்து நின்றது. வாயில் வந்தது வேறு. "இந்த வாரம் மாவு, ரவை கவரெல்லாம் மாறி வந்துடிச்சி. கடையில திருப்பிக் கேக்கறாங்க. எல்லாரும் எடுத்தாருங்க, வேற தரேன்" என்றேன்.

வேறு எங்கே என்று ஒருத்தியும் கேட்கவில்லை. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள்.

"தீந்துபோச்சிக்கா."

"ஆக்கித் தின்னுட்டோமே."

"அன்னைக்கே முடிஞ்சிது."

பதினாலு வீட்டில் பன்னிரண்டு வீட்டுக் கதவைத் தட்டினேன். பன்னிரண்டிலும் இதே பதில். செங்கேணியும் அதேதான் சொன்னாள், என் கண்ணைப் பார்க்காமல். மாவும் ரவையுமாக இருபத்திரண்டு கவர். எல்லாம் தின்றாயிற்று. அப்படியென்றால் அதையும்.

ஆனால் எல்லோரும் உயிரோடு நிற்கிறார்கள். குழந்தைகள் தண்ணீரில் குதிக்கின்றன. ஒவ்வொன்றின் மூஞ்சியையும் பார்த்தேன். ஒரு பெண் குழந்தை கொட்டாவி விட்டதற்கு என் நெஞ்சு நின்றுவிட்டது.

அவரிடம் சொல்லவில்லை. சோறு இறங்கவில்லை. எலி மருந்து மழையில் நமுத்து வேலை செய்யாமல் போயிருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். ஆண்டவரே, நமுத்திருக்கட்டும்.

15.11.2005, செவ்வாய். காலை, ஆஸ்பத்திரி வராந்தா

பழைய பில் ஒன்றின் பின்பக்கம் எழுதுகிறேன். சும்மா உட்கார முடியவில்லை.

விடிந்ததும் காலனிக்கு ஓடினேன். வழியிலேயே சத்தம். செங்கேணியின் சின்னவன், ஐந்து வயது, வாந்தி. நாலாவது தடவையாம். அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வருகிறாள்.

அந்த இடத்திலேயே சொல்லிவிட்டேன். மழையில், ரோட்டில். "செங்கேணி, நான் பொய் சொன்னேன். அந்த மூட்டையில எலி மருந்து கலந்த கவரு ஒண்ணு வந்துடிச்சி" என்றேன்.

அவள் நிற்கவில்லை. ஓடிக்கொண்டே, "நேத்தே ஏங்க்கா சொல்லல?" என்று மட்டும் கேட்டாள்.

நானும் கூடவே ஓடினேன்.

டாக்டர் உள்ளே பார்க்கிறார். நர்சம்மா வெளியே வந்து என்ன சாப்பிட்டான் என்று கேட்டார். செங்கேணி என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன், எல்லாம் சொன்னேன். நர்சம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

இந்தக் கதவு திறந்தால் என்ன சேதி வரும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். மரியாயே.

செவ்வாய். மாலை

வரிசையாக எழுதுகிறேன், இல்லாவிட்டால் புரண்டுவிடும்.

பையனுக்கு ஒன்றுமில்லை. பிஸ்கட். இரண்டு முழு பாக்கெட் கிரீம் பிஸ்கட்டைப் போர்வைக்குள் படுத்துக்கொண்டு தின்றிருக்கிறான். நான் நேற்று வந்து திருப்பிக் கேட்டதைப் பார்த்து, அந்த அக்கா வந்து பிடுங்கிக்கொண்டு போய்விடும் என்று பயந்து, ஒரே மூச்சில். டாக்டர் சிரித்தார். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

செங்கேணி அப்போதுதான் சொன்னாள். ஒருத்தரும் தின்று முடிக்கவில்லை. எல்லோரும் ஒளித்து வைத்திருக்கிறார்கள்.

"திருப்பிக் கேட்டா யாருக்கா குடுப்பா? மழ எப்ப வுடும்னே தெரியாது. பொங்கலு வரைக்கும் பாக்கணும்ல?"

காலனிக்குத் திரும்பி நடுவில் நின்று கத்தினாள். உண்மையை அப்படியே. அப்புறம் வந்தது பாருங்கள், ஒவ்வொன்றாக:

அரிசிப் பானைக்கு அடியிலிருந்து 3
சுருட்டி வைத்த பாய்க்குள்ளிருந்து 2
எரியாத அடுப்புக்குள்ளிருந்து 1
பிள்ளையின் புத்தகப் பையிலிருந்து 1
கூரைக் கீற்று இடுக்கிலிருந்து 4
செத்துப்போன மாமியாரின் டிரங்குப் பெட்டியிலிருந்து 2
மற்றதெல்லாம் முந்தானையில், தலையணை உறையில், தண்ணீர் இல்லாத தவலையில்

இருபத்தொன்று. எல்லாம் முறுக்கி மடித்த வாய். ஒன்றில் கூட நூல் இல்லை.

"நூலு எங்க? செவப்பு எது, வெள்ளை எது?" என்று கேட்டேன்.

செங்கேணி மடியிலிருந்து ஒரு நூல் உருண்டையை எடுத்துக் காட்டினாள். சிவப்பும் வெள்ளையும் முடிச்சுப் போட்டுப் போட்டுச் சுற்றின உருண்டை. உப்பு மூட்டையின் வாய் தைப்பது அவள் வேலை. அவர்கள் அளத்தில் தைக்கிறவளே நூலும் கொண்டுவர வேண்டும். ஒரு சாண் நூல் கண்ணில் பட்டால் விடமாட்டாள். என் மூட்டை வந்ததும் முதல் வேலை எல்லாக் கவரின் நூலையும் அவிழ்த்துச் சுற்றிக்கொள்வதுதானாம். ஆடியிலிருந்து.

"செவப்பு மாட்டுக்குன்னு சொன்னேனே" என்றேன்.

"மாடா?" என்றாள். "எங்க தெருவுல எவங்க்கா மாடு வெச்சிருக்கான்?"

இந்தத் தெருவில் நாலு மாதமாக வாரா வாரம் நடந்திருக்கிறேன். ஒரு சாணி கூட மிதித்ததில்லை. ஒரு நாளும் யோசிக்கவில்லை. வண்டு விழுந்ததையெல்லாம் சலித்து, வெயில் இருந்தால் காயவைத்து, இவர்கள்தான் தின்றிருக்கிறார்கள். அப்போது சொல்லவில்லையே என்றால், "நீ குடுக்கறத கொற சொல்ல முடியுமா?" என்கிறாள்.

ஒவ்வொன்றாய்ப் பிரித்து முகர்ந்தேன். பூண்டு வாடை எதிலும் இல்லை. இருபத்திரண்டாவது எங்கே?

செங்கேணிதான் நினைவு வந்து தலையில் அடித்துக்கொண்டாள். "சாம்பலா ஒண்ணு இருந்துச்சிக்கா. கேவுரு மாவுன்னு நெனச்சேன், உங்க கடைல கண்ட கலர்லயும் மாவு வருதே. பூங்காவனம் எனக்குக் குடுன்னா. அவ அப்பாருக்கு சக்கர, கேவுரு கூழு நல்லதுன்னு. சனிக்கெழமயே எடுத்துக்கினு அவ அப்பாரு ஊரு பிரம்மதேசம் போயிட்டா."

நான் நேற்று தட்டாத இரண்டு கதவில் ஒன்று அவளுடையது. பூட்டியிருந்தது, அதனால் தட்டவில்லை.

திண்டிவனம் பஸ் ஏறினோம், நானும் செங்கேணியும். பாதி வழியில் ரோட்டின் மேல் ஏரித் தண்ணீர். டிரைவர் இறக்கிவிட்டார். முழங்கால் தண்ணீரில் நடை, முக்கால் மணி நேரம் இருக்கும். ஒரு செருப்பு போச்சு, இன்னொன்றை நானே எறிந்தேன். எதிரே ஒரு சைக்கிள்காரர் வந்தார். "ஊர்ல ஏதாவது சாவு விழுந்துச்சா?" என்று கேட்டே விட்டேன். அவர் என்னைப் பைத்தியம் மாதிரி பார்த்துக்கொண்டு போனார். சக்கரைக்காரர், வயசானவர், மூன்று நாள். எனக்குள் எல்லாம் முடிந்துபோயிருந்தது. போய் என்ன சொல்வது என்றுதான் யோசித்துக்கொண்டு நடந்தேன். கோயில் கோபுரம் தெரிந்ததும் நின்றுவிட்டேன். செங்கேணி கையைப் பிடித்து இழுத்துப் போனாள்.

வாசலில் பூங்காவனம். முகம் வீங்கியிருந்தது. பார்த்ததும் எனக்கு உயிரே போய்விட்டது.

"வாக்கா" என்றாள். "எங்கப்பாரு மூணு நாளா நான் ஆக்கினத தொட மாட்டேங்கறாரு. டீக்கடை பன்னு தின்னுட்டு படுத்துக்கறாரு. என்ன கோவம்னு தெரியல."

உள்ளே கட்டிலில் அவர். உயிரோடு. கண் குழி விழுந்து, உதடு காய்ந்து. உயிரோடு.

நான் வாசல்படியிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கடை, நூல், எலி, பஸ் ஸ்டாப், என் பொய் உட்பட. அவர் எழுந்து மூலையில் மண்வெட்டிக்குப் பின்னாலிருந்து அந்தக் கவரை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார்.

"முப்பது வருஷம் மல்லாட்டப் பயிருக் கொல்லையில எலிக்கு இதத்தாம்மா வெச்சேன். தொறந்ததும் வாசனையே சொல்லிடுச்சி."

"ஏம்பா, அப்பவே எங்கிட்ட கேக்கலாம்ல?" பூங்காவனம்.

அவர் அவளைப் பார்க்காமல் என்னிடம்தான் சொன்னார். "நெலத்த பையன் பேருக்கு எழுதிட்டேன்னு போன மாசம் சண்ட போட்டுட்டுப் போச்சிம்மா. இப்ப தானா வந்து, உனக்காவ கொண்டாந்தேன்னு இத நீட்டுது. நான் இன்னா நெனைக்கறது? வெளிய சொன்னா எம்பொண்ணு ஜெயிலுக்குப் போயிடும். அதான் வாயத் தொறக்கல."

பூங்காவனம் அழவில்லை. "அப்டியா நெனச்ச என்னிய?" என்றாள். ஒரே ஒரு தடவை. அப்புறம் கிணற்றடிக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். மழை மேலே கொட்டிக்கொண்டிருந்தது.

பெரியவரே கொல்லையில் ஆழமாகக் குழி வெட்டினார். நான் வெட்டுகிறேன் என்றேன், விடவில்லை. புதைத்துக் கல் வைத்தோம். அப்புறம் கிணற்றடியைப் பார்த்து, "ஏம்மா, பசிக்குது, சோறு போடு" என்றார். அவள் திரும்பவில்லை. நாங்கள் கிளம்பும்வரை திரும்பவில்லை.

யாரும் சாகவில்லை. பஸ்ஸில் இதையே ஜெபம் போலச் சொல்லிக்கொண்டு வந்தேன். ஆனால் அந்தக் கவருக்குள் இருந்த விஷம் அப்பாவுக்கும் மகளுக்கும் நடுவில் இறங்கிவிட்டது.

16.11.2005, புதன்

காய்ச்சல். உள்ளங்காலில் கண்ணாடியோ முள்ளோ. வீட்டுக்காரரிடம் எல்லாம் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தேன். ரொம்ப நேரம் பீடி குடித்துவிட்டு, "வுட்டுடும்மே இந்த வேலைய. நமக்கு எதுக்கு" என்றார். திட்டியிருக்கலாம்.

தெருவில் மோட்டார் சத்தம் கேட்டால் போலீஸ் ஜீப்போ என்று எழுந்து பார்க்கிறேன். இன்று மட்டும் ஏழு தடவை. தபால்காரர், கேஸ் வண்டி, மாதா கோயில் வேன்.

ஷீலா என் நெற்றியில் ஈரத் துணி போட்டாள். சரியாகப் பிழியவில்லை, தலையணை நனைந்துவிட்டது.

18.11.2005, வெள்ளி

கடைக்குப் போனேன். ரா.மா. அண்ணன் கேட்டிலேயே நின்றார், நாலு நாளாகச் சவரம் செய்யவில்லை. ஒன்றும் ஆகவில்லை என்று சொன்னதும் சாக்கு மூட்டையில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார், ஐம்பத்தாறு வயது மனுஷன். "மொதலாளிகிட்ட சொல்லிடாதம்மா" என்றார்.

சொல்லவில்லை. சொன்னால் அவர் வேலை போகும், மூட்டை நிற்கும். அந்தப் பதினாலு வீட்டில் பொங்கல் வரைக்கும் என்ன செய்வார்கள்? சொல்லாமல் இருப்பதும் பயமாக இருக்கிறது. முதலாளி காய்ச்சல் எப்படி இருக்கிறது என்று விசாரித்தபோது என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

எலி மருந்து இனி பூட்டுப் போட்ட தகர டப்பாவில், கடைக்கு வெளியே. சிவப்பு நூல் கண்டை முழுசாக அடுப்பில் போட்டேன். மாட்டுக்கு என்று இனி ஒன்றும் கிடையாது. எனக்குச் சந்தேகம் என்றால் குழிக்குப் போகும்.

19.11.2005, சனி

தூறல் மட்டும். மூட்டை சிறியது. ஒவ்வொரு கவரையும் மூன்று தடவை முகர்ந்து கட்டினேன், மூக்கே எரிகிறது. செங்கேணிக்குத் தனியாக ஒரு புது நூல் கண்டு, இனி கவரின் முடிச்சில் கை வைக்காதே என்று.

ஷீலாவும் வருவேன் என்று அடம். ஸ்டாப்பில் வந்து நின்றாள், கூட்டிப் போனேன்.

காலனியில் எல்லோரும் தார்ப்பாய்க்கு அடியில் நின்றார்கள். மூட்டையை இறக்க ஒருத்தரும் வரவில்லை. நடுவில் மூன்று கல் வைத்து அடுப்பு, ஒரு பானை. பூங்காவனமும் இருந்தாள். அப்பாருக்கு எப்படி என்று கேட்டேன். "சாப்புடறாரு" என்றாள், அவ்வளவுதான்.

செங்கேணி, "கோச்சிக்காதக்கா. இன்னிக்கு இதுலேர்ந்து ஒரு கவரு எடு. இங்கயே ஆக்குவோம். மொதல்ல நீ சாப்புடு" என்றாள்.

கோபம் வரவில்லை. நியாயம்தானே. ரவையை எடுத்துக் கொடுத்தேன். உப்புமா கிண்டினாள்.

கிண்டிக்கொண்டே கேட்டாள், சாதாரணமாகத்தான். "உங்க வூட்ல இத ஆக்குவீங்களாக்கா?"

ஒரு பிடி கூட எங்கள் வீட்டுக்கு எடுத்துப் போனதில்லை என்றேன். பெருமையாகத்தான் ஆரம்பித்தேன். சொல்லி முடிக்கும்போது அது வேறு மாதிரி இருந்தது.

தட்டில் போட்டுக் கொடுத்தாள். சுடச்சுட. ஒரு வாய், இரண்டு வாய், மூன்று. எல்லோர் கண்ணும் என் வாயில். வாடை இல்லை. நல்ல ரவை. எனக்குத் தெரியும், மூன்று தடவை முகர்ந்த ரவை. நன்றாக இருக்கிறது என்றேன்.

ஷீலா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பசி போல. என் தட்டுக்குக் கையை நீட்டினாள்.

பட்டென்று அந்தக் கையைத் தட்டிவிட்டேன்.

நினைத்துச் செய்யவில்லை. கை தானாகப் போயிற்று. சத்தம் கேட்டது. எல்லோரும் பார்த்துவிட்டார்கள். செங்கேணி கரண்டியோடு அப்படியே நின்றாள். அவள் இடுப்பில் அந்தப் பையன்.

ஷீலாவை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, நானே ஒரு வாய் உருட்டி ஊட்டினேன். அவள் மென்றாள், விழுங்கினாள், இன்னும் என்றாள். தட்டு முழுக்க ஊட்டினேன். அதற்கப்புறம்தான் செங்கேணி மற்ற தட்டுகளை எடுத்து வைத்தாள்.

அப்போது மணி ஐந்தே முக்கால்.

இப்போது ஏழே கால். ஷீலா எதிரே உட்கார்ந்து வாய்ப்பாடு எழுதுகிறாள். பதிமூன்றாம் வாய்ப்பாட்டில் இருக்கிறாள். முகம் சாதாரணமாக இருக்கிறது. கையும் சூடில்லை, தொட்டுப் பார்த்தேன். இரண்டு தடவை.

"ஏம்மா என்னையே பாத்துக்கினு இருக்க?" என்கிறாள்.